பிரகதீஸ்வரி நம்பிய ஊகம்

பிரகதீஸ்வரி அக்காவுக்கு பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை பிடிக்காது. வெளியே பார்க்கத் தோன்றும், யோசனை கலைந்துவிடும் என்பார். கீரனூரில் ஏறியதும் உள்பக்கமாக உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் விரலால் எதையோ எழுதி எழுதி அழிப்பார். பக்கத்தில் உட்கார்ந்து வரும் எனக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. திருச்சி சாலையில் உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அவர் கணிதம், நான் இயற்பியல். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

அவர் பிறந்த ஊர் அரிமளம். அப்பா தைலமரக் காடுகளில் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அக்கா அரசுப் பள்ளியில் படித்து, புதுக்கோட்டையில் கல்லூரி முடித்து, கீரனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். கணவர் சந்தோஷ்குமார் மின்வாரியத்தில் ஒயர்மேன். ஒரே மகள் இனியா பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரியில் மற்றவர்கள் எல்லாம் பிஎச்.டி.க்கு சீக்கிரம் முடிகிற தலைப்பாகப் பார்த்து எடுத்தார்கள். அக்கா எடுத்தது, பிளாக்செயின் என்ற சொல்லைத் தவிர எங்கள் யாருக்கும் எதுவும் புரியாத தலைப்பு. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, இணையத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் வகுப்புகளைக் கேட்கப் போய், அதிலேயே விழுந்துவிட்டார். ஜீரோ நாலெட்ஜ் நிரூபணம் என்று பெயர். ஒரு விஷயம் எனக்குத் தெரியும் என்று, அந்த விஷயத்தைச் சொல்லாமலே நிரூபித்துக் காட்டுவது.

"அதுக்கும் பிளாக்செயினுக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று ஒருநாள் பஸ்ஸில் கேட்டேன்.

"பிட்காயின் மாதிரிப் பணம் ஓடுற பிளாக்செயின்ல ஒருத்தர் போட்ட கணக்க அத்தனை கம்ப்யூட்டரும் திரும்பப் போட்டுப் பாக்குது. அதான் கூட்டம் ஏற ஏறத் திணறுது. ஆயிரக்கணக்கான கணக்க வெளியில ஒரே எடத்துல போட்டு முடிச்சு, எல்லாம் சரியாத்தான் போட்டேன்னு ஒரு சின்ன நிரூபணத்த மட்டும் அனுப்புனா? மத்தவங்க அத மட்டும் பாத்தாப் போதும். உள்ள யாரு என்ன அனுப்புனாங்கன்னு தெரியவும் வேண்டாம்."

"சின்ன நிரூபணத்த வச்சு எப்படி நம்புறது?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நம்புறோம்ல. அதேதான். ஆனா ஏமாத்தணும்னு நெனைக்கிறவன் ஆக்குன சோறு இது. எத்தனை சோறு எடுத்து நசுக்கிப் பாத்தா அவன் தப்ப முடியாதுங்கறதுதான் என் ஆராய்ச்சி. நூறு பானையத் தனித்தனியாப் பாக்க நேரமில்ல, எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து அதுலேர்ந்து எடுக்கிறோம். ஒரு பானை வேகாம இருந்தாலும் கலந்ததுக்கு அப்புறமும் அந்த வேகாதது மறையாதுன்னு எல்லாரும் நம்புறாங்க."

"நம்புறாங்கன்னா? நிரூபிக்கலயா?"

"எடுக்கிற சோத்தக் கொறைக்கிறதுல பாதி தூரம் வரைக்கும் நிரூபிச்சுட்டாங்க. மீதி ஊகம். ஆனா உலகமே அத நம்பித்தான் எண்ணிக்கையக் கொறச்சு வச்சுருக்கு." பையின்மேல் எதையோ எழுதி அழித்தார். "நான் அதுலேர்ந்து இன்னும் கொறைக்கிறேன். இதுக்குக் கீழ ஒரு சோறுகூடக் கொறைக்க முடியாதுங்கற கடைசி ஓரம் வரைக்கும் போறேன்."

அவர் செய்தது அதுதான். மற்றவர்கள் எடுப்பதைவிடக் குறைவாக எடுத்துப் பார்த்தாலே போதும், நிரூபணம் இன்னும் சின்னதாகும், இன்னும் வேகமாகும் என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்த ஊகம் உண்மை என்று வைத்துக்கொண்டால் அவருடைய தேற்றம் நின்றது. சமைத்து, மகளை அனுப்பி, மூன்று வகுப்பு எடுத்து, விடைத்தாள் திருத்தி, அதற்கு நடுவில் செய்தது. ஒரு வெளிநாட்டுக் கருத்தரங்கில் அவர் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். விசா, பயணம் எதுவும் நடக்கிற காரியமில்லை என்பதால் வீட்டில் உட்கார்ந்து கணினி வழியாகப் பேசினார். பேச்சு முடிந்ததும் பீட்டர் என்பவர் அவரைத் தேடிப் பிடித்துப் பேசினார். ஆலங்குடிப் பக்கத்துக்காரர், பெங்களூரில் ஒரு பிளாக்செயின் நிறுவனத்தில் வேலை. "மேடம், புதுக்கோட்டையிலேர்ந்து ஒருத்தங்க இதச் செஞ்சுருக்காங்கன்னு எங்க டீம்ல யாரும் நம்பல" என்றாராம். அவருடைய நிறுவனம் அக்காவின் முறையைத் தங்கள் சோதனைப் பிணையத்தில், அதாவது நிஜப் பணம் ஓடாத டெஸ்ட் நெட்வொர்க்கில், போட்டுப் பார்க்கவும் செய்தது. அந்த வாரம் முழுக்க அக்கா பஸ்ஸில் என்னோடு பேசிக்கொண்டே வந்தார். பையின்மேல் எழுதவில்லை.

கல்லூரியில் ஒரு நெருக்கடி வந்தது. அடுத்த கல்வியாண்டிலிருந்து பிஎச்.டி. இல்லாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அக்காவின் ஆய்வுப் பதிவு ஏற்கெனவே நீட்டிக்கப்பட்டிருந்தது. மார்ச் மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தே ஆக வேண்டும். அதில் அவருக்குப் பயமில்லை. எழுதி முடிக்க ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி.

போன நவம்பரில் ஒரு காலை. ஸ்டாஃப் ரூமில் நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அக்காவின் போனுக்கு பீட்டரிடமிருந்து செய்தி வந்தது. மேடம், இதப் பாத்தீங்களா என்று கேட்டு, கீழே கட்டுரைகளின் இணைப்பு. அக்கா திறந்து படித்தார். திரும்ப மேலே போய் முதலிலிருந்து படித்தார். மணி அடித்ததும் எழுந்து வகுப்புக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அந்த வகுப்பு மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். "மேம், பிரகதி மேம் போர்டுல ஒரு வரி எழுதிட்டு அப்படியே நிக்கிறாங்க. கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கிறாங்க."

நான் போனபோது அவர் சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடி பலகையைப் பார்த்து நின்றிருந்தார். தோளைத் தொட்டேன். "அந்த ஊகம் தப்பாம் அருணா" என்றார். ஏதோ வீட்டில் துக்கம் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

விஷயம் இதுதான். உலகமே நம்பிய அந்த ஊகம் கடைசி ஓரம் வரைக்கும் உண்மையாக இருக்க முடியாது என்று சிலர் நிரூபித்துவிட்டார்கள். ஓரத்துக்குப் பக்கத்தில் போனால், வேகாத பானைகளையே கலந்தும் வெந்த சோறுபோலக் காட்டிவிடலாம். நிரூபித்த பாதி தூரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவில் எதுவரை நம்பலாம் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. பெரிய நிறுவனங்களுக்கு அதனால் ஒன்றும் முழுகிப் போய்விடவில்லை. "அவங்க இன்னும் நாலு எடத்துல கூடுதலாப் பாத்துக்குவாங்க. நிரூபணம் கொஞ்சம் பெருசாகும், அவ்வளவுதான்" என்றார் அக்கா. "நான் கட்டுனது அந்த ஓரத்துல. எனக்குத்தான் ஒண்ணும் மிஞ்சல."

அப்போதும் அவர் முழுதாக நம்பிவிடவில்லை. அந்தக் கட்டுரைகளில் பிழை இருக்கும் என்று தேட ஆரம்பித்தார். கல்லூரிக்கு விடுப்புப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இனியா போன் செய்தாள். "சித்தி, கொஞ்சம் வீட்டுக்கு வர்றீங்களா? அம்மா நேத்துலேர்ந்து சாப்பிடல. நான் பேசுனாக் காதுலயே வாங்க மாட்டேங்குது."

போனேன். கொல்லைப்பக்கத் தாழ்வாரத்தில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். தலை சீவாமல், முந்தின நாள் புடவையோடு. சுற்றிலும் அச்செடுத்த தாள்கள், பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு சாமான். ஒன்றின்மேல் இட்லித் தட்டு, ஒன்றின்மேல் அம்மிக் குழவி.

"எங்கயோ ஒரு தப்பு இருக்கணும் அருணா. இருந்தே ஆகணும்."

"இருக்கா அக்கா?"

ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நான் அதை வாங்கிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் சொன்னார், "ஒரு பிசகும் இல்ல. அவ்வளவு சுத்தமா எழுதிருக்காங்க. வேற யாராவது எழுதுன கணக்கா இருந்தா, எவ்வளவு அழகா இருக்குன்னு ஒங்கிட்ட வந்து சொல்லிருப்பேன்."

பிசைந்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் முழுக்க, நிரூபிக்கப்பட்ட பாதி தூரத்துக்குள்ளேயே தன் முறையைக் கொண்டுவர முயன்றார். கொண்டுவந்தார். ஆனால் அப்படிச் செய்தபோது அவருடைய நிரூபணம் பத்து வருடத்துக்கு முந்தைய முறைகளைவிடப் பெரிதாக வந்தது. புதிது என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

மாட்டுப் பொங்கல் அன்று அவரே கூப்பிட்டார். குரலில் சிரிப்பு. "இங்கிட்டு வந்துட்டுப் போ. ஒரு வழி கெடச்சுருச்சு." போனால் வீடே வேறு மாதிரி இருந்தது. அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்து, அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே பேசினார். பானைகளைக் கலக்கும் விதத்தையே மாற்றிவிட்டால் அந்த ஓட்டை அடைபடும் என்றார். சந்தோஷ்குமார் அண்ணன் எனக்குக் கரும்பை வெட்டிக் கொடுத்தபடி, "நான்தான் அப்பவே சொன்னேன்லம்மா, அவ விட மாட்டான்னு" என்றார். அவருக்கும் இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இனியா அம்மாவின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தாள்.

விடுமுறை முடிந்து பஸ்ஸில் பார்த்தபோது, நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். "அது நிக்காது." இறங்கும்போது கைப்பையை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போக, கண்டக்டர் கூப்பிட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் வேறொரு காரியம் செய்தார். தன் முறையைக் காப்பாற்ற முடியவில்லை என்று தெரிந்ததும், அதை எப்படி உடைக்கலாம் என்று உட்கார்ந்தார். சின்ன அளவில் ஒரு பொய்க் கணக்கைத் தயார் செய்து, தன் முறை அதைச் சரி என்று ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்தார். பிப்ரவரியில் ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். திரையில் பச்சையாக ஒரு டிக் குறி.

"இது என்னக்கா?"

"ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு சொன்ன மாதிரி ஒரு கணக்கு. நான் எழுதுன முறை சரின்னு சொல்லிருச்சு."

அன்றே அதை பீட்டருக்கு அனுப்பினார். அவர்கள் சோதனைப் பிணையத்திலிருந்து அக்காவின் முறையை எடுத்துவிட்டார்கள். பீட்டர் போன் செய்து நன்றி சொன்னார். "வேற யாராவது இருந்தா சத்தம் காட்டாம இருந்துருப்பாங்க மேடம்" என்றார். அக்கா, "சரிங்க தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

அக்காவின் நெறியாளர் முனைவர் ரெங்கராஜ், திருச்சியில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். கெட்ட மனிதர் இல்லை. இத்தனை வருடமும் அக்காவை எதற்கும் அலைய விட்டதில்லை. அக்கா இந்த உடைத்த கணக்கைக் கடைசி அத்தியாயமாகச் சேர்த்து ஆய்வேட்டைக் கொண்டுபோனபோது, அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தாராம். அன்றைக்கு நடந்த பேச்சை அக்கா எனக்கு அப்படியே சொன்னார்.

"ஊகம் உண்மையானால்னுதான தேற்றத்துல போட்ருக்கீங்க. தேற்றம் தப்பு இல்லையே. இந்த அத்தியாயம் இல்லாம குடுத்துருங்கம்மா."

"பொய்யிலேர்ந்து தொடங்குனா எத வேணாலும் நிரூபிக்கலாம் சார்."

"பாக்கப்போறவங்க அந்த அளவுக்குப் பாக்க மாட்டாங்க."

"நான் பாத்துட்டேனே சார்."

"சரி, இந்த அத்தியாயத்தோட குடுக்குறீங்கன்னு வைங்க. ஊகம் தப்புன்னு கண்டுபிடிச்சது அவங்க. நீங்க இல்ல. ஒங்க முறை ஒடஞ்சு போச்சு. அப்ப இதுல ஒங்களோடதுன்னு என்ன இருக்கு? நான் எதுக்குக் கீழ கையெழுத்துப் போடுறது?"

சார் சொன்னது நியாயம்தான் என்று அக்கா எங்களிடமே சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டிலும் சண்டை வந்தது. அண்ணன் சத்தமே போட்டு அறியாதவர். "ஊரெல்லாம் என்ன செய்யுதோ அதத்தான செய்யச் சொல்றாரு. அந்தக் கடைசி அத்தியாயத்தக் கிழிச்சுப் போட்டுட்டுக் குடுத்துரு. வேல நிக்கும். புள்ள காலேஜுக்குப் போகணும்" என்றாராம். "நீ யாருக்கு நிரூபிக்கிற? அமெரிக்காக்காரனுக்கா?" என்றும் கேட்டுவிட்டார். பிறகு தானே வருந்தி, வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாராம்.

ஆய்வேடு கொடுக்கக் கடைசி நாள் வந்தது. அக்கா பையில் இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனார். ஒன்றில் அந்த அத்தியாயம் இருந்தது. இன்னொன்றில் இல்லை. எதைக் கொடுக்கப்போகிறார் என்று அண்ணனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலை வகுப்பு முடிந்து நான் வெளியே வரும்போது அண்ணன் போன் செய்தார். "அருணா, அவ ஒங்கூட இருக்காளா? போன் சுவிட்ச் ஆஃப்னு வருது. ரெங்கராஜ் சார்ட்ட கேட்டேன், இன்னக்கி வரவே இல்லங்கிறாரு."

கீரனூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அண்ணனோடு வண்டியில் ஏறினேன். தெரிந்த வீடுகளில் பார்த்தோம். கோயிலில் பார்த்தோம். அரிமளத்துக்குப் போன் போட்டு, பயப்படாத மாதிரி விசாரித்தோம். அங்கும் இல்லை. அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாத்துருவோமாம்மா" என்றார்.

ரயில்வே ஸ்டேஷன் நடைமேடையில், கடைசி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வேறு ஆள் இல்லை. அண்ணன் ஓடிப் போய் எதிரே நின்றவர், அப்படியே தரையில் உட்கார்ந்து அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸ விட்டுப் பாதியிலயே எறங்கித் திரும்பிட்டேங்க. திருச்சிக்குப் போகவே இல்ல" என்றார் அக்கா. "ரெண்டையும் மாத்தி மாத்தி எடுத்துப் பாத்தேன். இதக் குடுத்தா நான் பொய்யி. அதக் குடுத்தா ஒண்ணுமே இல்ல. எதையும் குடுக்க முடியல."

அண்ணன் அழுதார். "வேணாம்டி. எதையும் குடுக்க வேணாம். வீட்டுக்கு வா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, "அந்த எண்ணம் வந்துச்சான்னு மட்டும் கேக்காத" என்றார். நான் அன்று கேட்கவில்லை. மறுநாள் நானும் அண்ணனும் சேர்ந்து அவரைப் புதுக்கோட்டையில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவரிடம் அக்கா பேசினார். என்ன பேசினார் என்பது எங்களுக்குத் தெரியாது. மாத்திரை கொடுத்தார்கள், தூங்கினார்.

பதிவு காலாவதியானது. மே மாதத்தோடு கல்லூரியிலிருந்து விடுவித்தார்கள். ஸ்டாஃப் ரூமில் வழியனுப்பு விழா எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மேஜையைக் காலி செய்ய நான்தான் போய் உதவினேன். தன் முறை எப்படி உடைகிறது என்று எழுதியிருந்ததை மட்டும் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி போட்டார். கருத்தரங்கில் வந்த பழைய கட்டுரையை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காக. அதை யார் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஜூனில் அன்னவாசல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்கு எடுக்கச் சேர்ந்தார். இனியா திருச்சியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். கணக்குப் பக்கமே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

போன வாரம் காலையில் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். அவருடைய பஸ் வர நேரமிருந்தது. பீட்டர் பேசினாரா என்று கேட்டேன்.

"பேசுனாரு. எனக்கு அங்க வேல பாத்துத் தாரேன்னு சொல்லிருந்தாரு, அவங்க கம்பெனிலயே ஆளக் கொறச்சுட்டாங்களாம். அவரே இப்ப வேல தேடுறாரு. எல்லாம் வேகமா மாறுதாம். கருவி புதுசு, முறை புதுசு. அந்த ஊகத்துல மிச்சம் எதுவரைக்கும் உண்மைன்னு நெறைய பேரு தேடுறாங்களாம்."

"நீங்க பாக்கலயாக்கா?"

"இல்ல." பஸ் வருகிறதா என்று சாலையை எட்டிப் பார்த்தார். "காலையில எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்கிறப்ப, என்னையறியாம அதையே யோசிக்கிறேன் அருணா. அத இப்படித் திருப்பிப் போட்டா வருமா, அப்படிக் கலந்தா வருமான்னு. பால் பொங்குற வரைக்கும் நல்லாருக்கு. அதுக்கப்புறந்தான் ஞாபகம் வருது, அது முடிஞ்சுபோச்சுன்னு. தெனமும் ஒருதடவ புதுசா வருது."

மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். சாப்பிடுகிறேன் என்றார். அன்னவாசல் பஸ் வந்தது. கூட்டம் அதிகம். முன்படியில் இரண்டு பெண்கள் கை கொடுத்து அவரை உள்ளே ஏற்றிக்கொண்டார்கள்.